வண்டி வராத கரை

தண்ணீர் வந்த அன்று எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது, வானம் வெளுத்துக் கிடந்தது. மேட்டூர் நிரம்பிவிட்டது, முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். சாயங்காலம் ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனது. கரையோரம் இருக்கிறவர்கள் மேட்டுக்குப் போகவேண்டும், ஆற்றில் இறங்கக் கூடாது, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது. அந்த ஆட்டோ கிளப்பிய புழுதி வாசலில் காயப்போட்டிருந்த துணியிலெல்லாம் படிந்தது. வெயிலும் புழுதியுமாக இருக்கும்போது வெள்ளம் என்று சொன்னால் யாருக்கு நம்பத் தோன்றும்?

அக்காவும் நானும் அப்போது ஒன்றரை வருஷமாகக் கொள்ளிடக் கரையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தோம். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, அடுத்த தெரு. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவருடைய சர்க்கரை அளவை நான்தான் பார்த்துச் சொல்வேன், அப்படித்தான் பழக்கம். டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் அக்காவுக்குக் குதிகால் வலித்தது. மகள் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த சைக்கிள் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதைத் துடைத்து எடுத்தார். நான் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

எங்கே ஓட்டுவது என்பதுதான் கேள்வியாக இருந்தது. அரியலூர் ரோட்டில் சைக்கிளோடு போகிறேன் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ராத்திரி பகல் இல்லாமல் போகிற ரோடு அது. அக்காவின் வீட்டுக்காரர் அந்த ரோட்டில்தான் போனார். டிவிஎஸ்ஸில் கீழப்பழுவூர் வரை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். பின்னால் வந்த லாரி. அதற்கப்புறம் அக்கா அந்த ரோட்டில் பஸ்ஸில் போனாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

கரை ரோடு வேறு மாதிரி. வாய்க்கால் ஓரமாகவே போய் ஒரு ஏற்றம் ஏறினால் கரை. அங்கே ஒற்றைத் தார் ரோடு, பாதி இடம் தார் பெயர்ந்து செம்மண்ணாக இருக்கும். கிழக்கே பார்த்துப் போனால் வலது பக்கம் ஆறு, இடது பக்கம் கீழே வயலும் வாழையும் சோளக்கொல்லையும். காலையில் பால்காரர்கள் இரண்டு பேர், எப்போதாவது ஒரு டிராக்டர். அதற்கே அக்கா பெல்லோ ஹாரனோ கேட்டதும் இறங்கி, சைக்கிளைப் புல்லில் சாய்த்து, வண்டி போனபிறகுதான் ஏறுவார். இடது ஓரத்தைவிட்டு ஒரு முழம்கூட உள்ளே வரமாட்டார்.

தண்ணீர் வந்த மறுநாள் காலையில் ஏற்றத்தின் முனையில் தடுப்பு போட்டிருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் சேரில் உட்கார்ந்திருந்தார். எங்களைத் தினமும் பார்க்கிறவர்தான்.

"வண்டி எதையும் வுடக் கூடாதுன்னு உத்தரவுங்க," என்றார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். "தண்ணி கீழதான் போவுது. ரொம்பத் தூரம் போவாம திரும்பிடுங்க."

தடுப்புக்கும் முள்வேலிக்கும் இடையில் சைக்கிள் நுழைகிற அளவுக்கு வழி இருந்தது.

மேலே ஏறியதும் முதலில் சத்தம்தான் வந்தது. அலை மாதிரி இல்லை, அருவி மாதிரியும் இல்லை. தூரத்தில் ஒரு பெரிய வண்டி என்ஜினை நிறுத்தாமல் நிற்பதுபோல, அடித்தொண்டையில் இருந்து வருகிற சத்தம். அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது.

"ஆறுதான்க்கா," என்றேன்.

"தெரியுதும்மா."

வருஷம் முழுக்க மணலும் நாணலுமாகக் கிடந்த இடம் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை செம்பழுப்பாக நகர்ந்துகொண்டிருந்தது. வாழைமரம் வேரோடு வந்தது. ஒரு கூரை அப்படியே, யாரோ பிரித்து வைத்ததுபோல, மிதந்து போனது. ஒரு கன்றுக்குட்டி வயிறு உப்பி வந்தது. மேலே சூரியன் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்ததால் எல்லாமே ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா அன்று ஒரு காரியம் செய்தார். கொஞ்ச தூரம் போனதும், சைக்கிளை மெதுவாக ரோட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தார். நான் கவனித்துக்கொண்டே பின்னால் போனேன். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை, வரப்போவதும் இல்லை. முதுகு நிமிர்ந்து, தலைமுடி காற்றில் பறக்க, நட்ட நடு ரோட்டில் மிதித்தார். நாலு வருஷமாக எனக்குத் தெரிந்த பெண் இல்லை அது.

"பக்கத்துல வாம்மா," என்று கூப்பிட்டார். "ரெண்டு பேரும் சேந்து போவலாம். யாரு கேக்கப் போறா."

பக்கத்தில் போனேன். ஜோடியாக ஓட்டினோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் பார்வை வலது பக்கமே போனது.

அடுத்த நாள் தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. முந்தின நாள் தெரிந்த மோட்டார் கொட்டகையின் கூரை அன்று தெரியவில்லை. ஆற்றுக்குள் இருந்த திட்டுகளிலிருந்து வந்த நாய்கள் கரைமேல் அங்கங்கே படுத்திருந்தன. சைக்கிளைப் பார்த்தால் குரைத்துக்கொண்டு துரத்துகிற நாய்கள். அன்று தலையைக்கூடத் தூக்கவில்லை. ரோட்டின் குறுக்கே எறும்பு சாரி சாரியாக வயல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கிலோமீட்டர் கல்லைச் சுற்றிக்கொண்டு பாம்பு ஒன்று கிடந்தது. நாங்கள் பக்கத்தில் போயும் அது அசையவில்லை.

"நாளைக்கு வேணாம்க்கா," என்றேன்.

அக்கா மிதிப்பதை நிறுத்தவில்லை. "தண்ணி வடிஞ்சிட்டா தடுப்ப எடுத்துடுவாங்க. அப்புறம் பழையபடி வண்டி வந்துடும்," என்றார். "இன்னும் ஒரு நாள் வருவோம்மா. எனக்காக."

சரி என்று தலையாட்டினேன்.

மூன்றாவது நாள் தண்ணீர் கரையின் தோளுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஓடுகிறது என்றே சொல்லமுடியாது, அவ்வளவு கனமாக, ஒரே மட்டமாக இருந்தது. வழக்கமாகத் திரும்புகிற இடத்துக்கு முன்னால் தார் பெயர்ந்து செம்மண்ணாகக் கிடக்கும் ஒரு நீளம் உண்டு. வெயில் காலத்தில் அந்த இடம் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும், கைப்பிடி அதிரும். அன்று அதிரவில்லை. மிதி கனத்தது. பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டதாக நினைத்து இறங்கினேன். டயரை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

"என்னம்மா, பஞ்சரா?"

"இல்லக்கா. உங்களுக்கு எப்படி ஓடுது?"

அக்காவும் இறங்கினார். நாங்கள் வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தோம். இரண்டு சைக்கிள் தடமும் ஒரு விரல் ஆழத்துக்குப் பதிந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடத்துக்குள் தண்ணீர் ஊறியது.

மழை இல்லை. அலை மேலே வந்து அடிக்கவும் இல்லை. தண்ணீர் கீழேயிருந்து வந்தது.

இடது பக்கம் எட்டிப் பார்த்தேன். கரையின் அடியில், சோளக்கொல்லை தொடங்குகிற இடத்தில், உலை கொதிப்பதுபோல மண் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அண்டா வாய் அகலத்துக்கு ஒரு குழி, அதற்குள்ளிருந்து சேற்றுத் தண்ணீர். சோளத்தட்டை கொஞ்ச தூரம் வரை மடங்கிக் கிடந்தது. கரை வெளியே பார்க்க அப்படியே நின்றது. உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். இடத்தைச் சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. "ஸ்டேஷனுக்கு ஓடுறேன், நீ கரையவிட்டு இறங்கு" என்று மட்டும் சொன்னார்.

அக்கா ஏற்கெனவே சைக்கிளில் ஏறியிருந்தார். "கீழ ஆளுங்க இருக்காங்கம்மா," என்றார்.

கொஞ்சம் தள்ளிக் கரையிலிருந்து ஒரு இறக்கம் போகும். அதன் அடியில் ஒரு காலனி, முப்பது வீடுபோல இருக்கும். தினமும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே போவோம், ஒரு நாளும் இறங்கியதில்லை. அன்று இறங்கினோம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, கால் தரையில் உரச இறங்கியது இன்றும் உள்ளங்காலில் இருக்கிறது.

அங்கே ஒரு சாதாரணக் காலைதான் நடந்துகொண்டிருந்தது. குழாயடியில் குடம் இருந்தது. ஒரு பெண் தலைவாரிக்கொண்டிருந்தாள். அக்கா நடுத்தெருவில் சைக்கிளை நிறுத்தி, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார். கரை ஊறுகிறது, எல்லாரும் உடனே கிளம்பவேண்டும்.

ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "போன தடவ இதவிட அதிகம் வந்துச்சு. கரை நின்னுச்சுங்க."

"நான் தினமும் அதுமேல சைக்கிள் ஓட்டுறேங்க," என்றார் அக்கா. "இன்னிக்கு சக்கரம் இறங்குது. ஒருத்தர் வந்து பாத்துட்டுச் சொல்லுங்க, போதும்."

தலைவாரிக்கொண்டிருந்த பெண் பாதிப் பின்னலோடு சோளக்கொல்லைப் பக்கம் ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கத்தவில்லை. நேராகத் தன் வீட்டுக்குள் போனாள், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள், வடக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு வேறு பேச்சு வேண்டியிருக்கவில்லை.

ஆண்கள் பாதிப் பேர் முந்தின நாளே மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போயிருந்தார்கள். டிராக்டரும் அவர்களோடு போய்விட்டது. மீதிப் பேர் இருந்த டூவீலர்களில் குழந்தைகளையும் வயசானவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். அவள் புருஷனுக்குக் கால் முறிந்து, வெளியே இரும்புக் கம்பி மாட்டியிருக்கிறது, நடக்கமுடியாது. கட்டிலோடு தூக்கலாம் என்றால் நாலு ஆள் வேண்டும். போன டூவீலர் திரும்பி வரும் என்று காத்திருக்கப் பயமாக இருந்தது.

என் சைக்கிளில் கேரியர் கிடையாது. அக்காவின் சைக்கிளில் இருந்தது. அதன்மேல் தலையணையைக் கட்டினோம். மூன்று பெண்கள் சேர்ந்து அவனைத் தூக்கி உட்காரவைத்தோம். முப்பது வயது இருக்கும், நல்ல கனம். அவன் மனைவி முறிந்த காலை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னாலிருந்து அவன் முதுகைத் தாங்கித் தள்ளினேன். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என் சைக்கிள் அவர்கள் வாசலிலேயே கிடந்தது.

மேட்டிலிருந்த பள்ளிக்கூடம் வரை வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் கரும்பு, எதுவும் தெரியாது. ஆற்றின் அந்த அடிச் சத்தம் மட்டும் பின்னாலேயே வந்தது.

பயத்தில் சிலருக்குப் பேச்சு வரும். அவனுக்கு வந்தது.

"லாரி ஓட்டுறேங்க. சுண்ணாம்புக்கல் லோடு. டயர் வெடிச்சுக் கவுந்துடுச்சு," என்றான். "இன்னும் கம்பி எடுக்கல."

அக்காவின் நடை ஒரு கணம் தயங்கியது. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் தள்ளுகிற கைக்கு அது கனமாக வந்தது. பிறகு மறுபடி நடந்தார்.

எங்கள் பக்கத்தில் நாலு வீட்டுக்கு ஒரு லாரி டிரைவர் உண்டு. இவன் அந்த லாரிக்காரன் இல்லை, அந்த ஆளை எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டு தள்ளினேன்.

"டீச்சருங்களா நீங்க?" என்று அவன் கேட்டான். "உங்க வூட்டுக்காரர் என்ன பண்றாருங்க?"

"இல்லப்பா."

"அடடா. ஒடம்புக்கு முடியாமயாங்க?"

"ரோட்டுல," என்றார் அக்கா. "அரியலூர் ரோட்டுல. லாரி."

அவன் மனைவி காலைப் பிடித்தபடியே நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். சக்கரம் மண்ணில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச தூரம் போனபிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, என்னைய இங்கயே எறக்கி வுட்டுடுங்க. நான் தவழ்ந்துக்கிட்டே வந்துடுறேன். நீங்க போங்க."

அக்கா திரும்பவில்லை. "கால ஆட்டாம உக்காரு," என்றார்.

அப்போதுதான் வண்டித்தடத்தில் அதைப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்பு நாக்கு, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, டயர் பதிந்த பள்ளத்துக்குள்ளேயே நேராக வந்தது. வேகம் ஒன்றும் இல்லை. ஆள் நடக்கிற வேகம்தான். என் செருப்பைத் தொட்டது, சில்லென்று இருந்தது, எங்களைத் தாண்டி முன்னால் போனது. நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் வேகமாகத் தள்ளினோம். கணுக்கால் வரை வந்தது. சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தான். முழங்காலை நெருங்கும்போது முன்னாலிருந்து டிராக்டர் சத்தம் வந்தது.

மணல் மூட்டைகளும் ஆட்களுமாக வந்தார்கள். என் வீட்டுக்காரரும் அதில் நின்றுகொண்டிருந்தார். நாலு பேர் குதித்து அவனை அப்படியே தூக்கி மேலே போட்டார்கள். காலனியில் வேறு யாரும் இல்லை என்று அவன் மனைவி மறுபடி மறுபடி சொன்னாள். அவர்கள் நம்பாமல் இரண்டு முறை கேட்டார்கள்.

கரை மொத்தமாக உடையவில்லை. எங்கள் சக்கரம் இறங்கிய இடத்தில் ஒரு வீட்டு நீளத்துக்கு வயல் பக்கமாகச் சரிந்தது. பனைமரத்தை வெட்டிப் போட்டு, மூட்டை அடுக்கி, இருட்டுவதற்குள் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் காலனி வீடுகளில் ஜன்னல் வரை தண்ணீர் நின்றது. சோளம் போனது, கரும்பு சாய்ந்தது, ஆடுகள் கொஞ்சம் போயின. ஆள் யாரும் போகவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் அவனைப் படுக்கவைத்திருந்தார்கள். கம்பி மாட்டிய இடத்தில் ரத்தம் கசிந்திருந்ததைத் துடைத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன். அக்கா கொடிமரத்தின் அடியில் நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்தார். அவன் மனைவி ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டார். அவள் போகாமல் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். எங்கள் தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கடையில் யாரோ வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆறு ஊருக்குள் வர வழி தேடியதற்கான அடையாளம் எங்கள் செருப்பிலிருந்த சேறு மட்டும்தான்.

தண்ணீர் வடிந்ததும் தடுப்பை எடுத்தார்கள். காலனியில் கிடந்த என் சைக்கிளும் சேறோடு கிடைத்தது. நான் ஒரு நாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன், கரைக்குப் போகலாமா என்று கேட்க. கொல்லைப்புறத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, குச்சியால் செயினிலிருந்து காய்ந்த சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு அவன் எறக்கி வுட்டுடுன்னு சொன்னான்ல," என்றார்.

"ஆமாக்கா."

"கைப்பிடி என் கைல இருந்துச்சும்மா. ஒரு நிமிஷம் கை வுட்டுடலாமான்னு பாத்துச்சு. நான் நெனைக்கல, கைதான். அவன் நல்லவனா கெட்டவனான்னுகூட அதுக்குத் தெரியாது. லாரின்னதும் வுட்டுடலாமான்னு பாத்துச்சு." குச்சியை நிறுத்தினார். "ஆறு வந்தது பயமா இல்ல எனக்கு. அதுதான் பயமா இருக்கு. இத்தன நாளும் இந்தக் கையோடதான் சமைச்சிருக்கேன், போர்டுல எழுதியிருக்கேன்."

"நீங்க விடலியேக்கா," என்றேன்.

"வுடல."

ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து முன்சக்கரத்தைத் துடைத்தேன். அவர் செயினுக்கு எண்ணெய் விட்டார், மிதியைச் சுற்றிப் பார்த்தார். சத்தமில்லாமல் சுற்றியது. சைக்கிளை நிமிர்த்தி, பூட்டி, சாவியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"நீ போய்ட்டு வா," என்றார். "நான் இன்னொரு நாளைக்கு வரேன்."

நான் தனியாகப் போகவில்லை.